நிலமறியா வரலாறு நிலைக்குமா?

     

இடைநிலை வகுப்புகளில் வரலாறும் புவியியலும் பயில்வது பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறீர்கள். இப்பொருளைக் கேட்டவுடன் சிலர் முகத்தில் புன்னகை அரும்பக் காண்கிறோம். “கணிதம் படித்தால் பொறியியலாளராகலாம், விஞ்ஞானம் படித்தால் வைத்தியராகலாம், அரசர் பெயரையும் ஆற்றின் பெயரையும் மனனஞ் செய்து யாது பயன்?” என்று பெற்றோர் வினவுவதை எங்கும் கேட்கிறோம். கமக்காரர் இன்னும் வெளிப்படையாகவே கேட்கிறார்: “இந்தப் படிப்பு என் வயலுக்கு நீர் கொண்டு வருமா?” அவ்வினாவைத் தட்டிக் கழிக்க நாம் இங்கு வரவில்லை. கொண்டு வரும் என்பதே நமது விடை. எங்ஙனம் என்பதைக் காட்டுவதற்கு, மாத்தளை மாவட்டத்தின் கீழ்க்கோடியிலுள்ள வில்கமுவைக்கு உங்களை மனத்தால் அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

நாம் நிலைநாட்ட விரும்பும் கருத்து ஒன்றே. வரலாறும் புவியியலும் இரட்டைப் பிள்ளைகள். அவற்றைப் பிரித்தால் இரண்டும் நோயுறும். அவற்றைச் சேர்த்து, மாணாக்கன் நிற்கும் மண்ணிலிருந்தே தொடங்கிக் கற்பித்தால், அக்கல்வி அவனுக்கு உயிர்க்காப்பும் ஆகும்; உரிமைக்கு ஆதாரமும் ஆகும்.

இது மேனாட்டிலிருந்து கடன் வாங்கிய கருத்து என்று எவரும் எண்ண வேண்டா. மனித வாழ்வை ஆராயப் புகுந்த தொல்காப்பியம் முதற்பொருள் என்று எதனைக் கொண்டது? நிலத்தையும் பொழுதையும். மக்களின் தொழிலும் உணவும் இசையும் தெய்வமும் அதன்பின் வருங் கருப்பொருள்களே. நிலத்தை ஆராய்வது புவியியல்; பொழுதை ஆராய்வது வரலாறு. இவ்விரண்டையும் ஒரே கொடியில் பூத்த மலர்களாகக் கண்ட மொழி நம்முடையது. அம்மொழியில் பயிலும் நம் பிள்ளைகள் இன்று ஒன்றைக் கட்டாயமாகவும் மற்றொன்றை விருப்பமாகவும் பயில்கிறார்கள் என்றால், அது சிந்திக்க வேண்டிய செய்தியன்றோ?

வில்கமுவை என்னும் பாடநூல்

தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். மேற்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் மதில்போல் நிற்கிறது. கிழக்கே மகாவலி கங்கை ஓடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே, மலையடிவாரத்திலிருந்து ஆற்றங்கரை வரை சரிந்து கிடக்கும் நிலமே வில்கமுவைப் பிரிவு. சிங்களத்தில் ‘வில’ என்பது நீர்நிலை. ‘கம’ என்பது ஊர். பெயரே நீரைப் பற்றிப் பேசுகிறது.

இங்கே மழை எப்பொழுது பொழிகிறது? தென்மேல் பருவக்காற்று தன் நீரையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, கீழ்ப்புறத்துக்கு வெறுங்கையுடன் இறங்குகிறது. மட்டக்களப்பு மக்கள் கச்சான் காற்று என்று கூறும் வறண்ட காற்று அதுவே. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிலேதான் கிழக்குச் சரிவு நனைகிறது. ஆதலின் பெரும்போகம் மழையை நம்பி விளையும். சிறுபோகம் வாய்க்காலை நம்பி விளையும். இந்த ஓர் உண்மையை விளங்கிக்கொண்ட மாணாக்கன், பண்டை மன்னர்கள் ஏன் மேற்குக் கரையில் பெருங் குளங்களைக் கட்டாமல் வறண்ட வலயத்திலே கட்டினார்கள் என்ற வரலாற்று வினாவுக்கும் விடை கண்டுவிடுகிறான். புவியியல் பாடம் தொடங்கிய இடத்தில் வரலாற்றுப் பாடம் முடிகிறது.

மகாவலி நம் நாட்டின் நீண்ட ஆறு. 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்கு அருகே கடலிற் கலப்பது. மலையைவிட்டு அது சமவெளிக்கு இறங்கும் வாயிலிலே மினிப்பே அணை இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பழமை வாய்ந்தது அவ்விடத்து நீர்ப்பாசனம். காடு மூடிக் கிடந்த அதனை இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் கட்டியெழுப்பினர். அதன் வலதுகரை வாய்க்கால் உல்கிட்டிய, ரத்கிந்த நீர்த்தேக்கங்களை நோக்கிச் செல்கிறது. இடதுகரை வாய்க்கால் எழுபது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, கண்டி மாவட்டத்தைக் கடந்து, வில்கமுவை வயல்களில் வந்து முடிகிறது.

முடிகிறது என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்த வாய்க்காலிலும் தலைப்பிலுள்ள வயல் முந்தி நனையும். கடைக்கோடி வயல் பிந்தியே நனையும். வழியில் கசிவு எவ்வளவு, சாய்வு எவ்வளவு, தூர்ந்த இடம் எது என்பதையெல்லாம் படத்தில் கண்டு சொல்லத் தெரிந்தவன், பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர்ப்பாசன உத்தியோகத்தர் முன் எழுந்து நின்று, “ஐயா, எங்கள் பங்கு இங்கேதான் குறைகிறது” என்று ஆதாரத்துடன் பேசுவான். தெரியாதவன் கையைக் கட்டிக்கொண்டு, கிடைத்தது போதும் என்று வீடு திரும்புவான். நீர் கொண்டு வருமா என்று கேட்ட கமக்காரத் தோழருக்கு இதுவே நமது முதல் விடை. சமவுயரக் கோடுகளைப் படிக்கத் தெரிந்த பிள்ளை வயலுக்கு நீர் கொண்டு வருவான்.

இன்னொரு வினாவை எழுப்புவோம். பண்டு நீர்ப்பாசனம் செழித்த இந்நிலம் பல நூற்றாண்டுகள் ஏன் காடாய்க் கிடந்தது? போரும் அரசின் வீழ்ச்சியும் ஒரு காரணம் என்று வரலாறு கூறுகிறது. குளமும் கால்வாயும் பராமரிப்பின்றி உடைந்து தேங்கிய நீரில் நுளம்பு பெருகி, மலேரியா குடிகொண்டது மற்றொரு காரணம் என்று புவியியல் கூறுகிறது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் அந்நோய் இலங்கையிற் பல்லாயிரக்கணக்கான உயிர்களைப் பலிகொண்டது. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்ட பின்னரே வறண்ட வலயத்தில் மக்கள் அச்சமின்றிக் குடியேறத் தொடங்கினர். 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒரு நுளம்பின் கதை ஒரு நாட்டின் குடிப்பரம்பலையே மாற்றியிருக்கிறது. குடியேற்றம் என்ற சொல் நம் அரசியலில் எத்துணைக் கசப்பை விளைத்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அக்கசப்பை வெறும் முழக்கமாக அறிவதைவிட, காடு எது, குளம் எது, எந்த ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் எந்தப் பிரிவில் எவர் எத்தனை பேர் என்று கணக்கோடு அறிவதே ஒரு மக்களினத்துக்கு வலிமை தரும்.

யானை யார் குற்றம்?

வில்கமுவையின் வடபுறத்தே வஸ்கமுவ தேசியப் பூங்கா விரிந்து கிடக்கிறது. 1984ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. காரணம் யாது? 1970களின் இறுதியில் தொடங்கிய துரித மகாவலித் திட்டத்துக்காகப் பெருங் காடுகள் அழிக்கப்பட்டன. இருப்பிடம் இழந்த விலங்குகளுக்குப் புகலிடம் வேண்டியிருந்தது. வேலியிட்டு நிலத்தைப் பங்கிட்டவன் மனிதன். அப்பங்கீட்டு உறுதியைப் படிக்கத் தெரியாதது யானை. அது தன் முன்னோர் நடந்த வழியிலே நடக்கிறது. அவ்வழியில் இன்று நெல்லும் சோளமும் வாழையும் நிற்கின்றன.

இதன் விளைவாக யானையும் மடிகிறது, மனிதனும் மடிகிறான். 2023ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதிலும் நானூற்றுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் இறந்தனர். வஸ்கமுவையை அடுத்த ஊர்களில், யானைகள் கடக்கும் வழியினூடாகப் பாடசாலைப் பிள்ளைகளும் ஊரவரும் பத்திரமாகச் செல்வதற்கென்றே ஒரு பேருந்துச் சேவை 2016இல் ஏற்படுத்தப்பட்டது. யானைக்குத் தோடை இனத்தின் வாசனை பிடிக்காது என்பதைக் கண்டறிந்து, வீட்டைச் சுற்றித் தோடை மரங்களை நட்டு, காவலும் வருவாயும் ஒருங்கே தேடும் முயற்சியும் அங்கு நடந்திருக்கிறது.

இவ்வளவும் எவ்வாறு தோன்றின? யானையின் பழைய வழித்தடத்தை ஒருவர் படத்தில் வரைந்தார். காடு எந்த ஆண்டில் எங்கு வெட்டப்பட்டது என்பதை ஒருவர் தேடிப் படித்தார். அதன் பின்னரே பரிகாரம் பிறந்தது. வெடி கொளுத்துவதற்குப் பாடசாலை வேண்டியதில்லை; பரிகாரம் காண்பதற்கு வேண்டும்.

எல்லாளனும் துட்டகைமுனுவும்

இனி, நம் நாட்டு வரலாற்று வகுப்பிலே மாணவர் நெஞ்சை மிகவும் கலக்கும் பாடத்துக்கு வருவோம். வஸ்கமுவப் பூங்காவினுள் யுதங்கனாப்பிட்டி என்றோர் இடம் உண்டு. துட்டகைமுனுவின் படைக்கும் எல்லாளன் படைக்கும் போர் நிகழ்ந்த களம் அது என்று ஊர் மரபு கூறுகிறது.

நிலத்தை மறந்து இப்பாடத்தைக் கற்பித்தால் என்ன நேர்கிறது? ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை வெற்றி பெற்றவனின் பேரனாகின்றான். மற்றொரு பிள்ளை தோற்றவனின் பேரனாகின்றான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த போர், பத்தாம் தர வகுப்பின் இரு வாங்குகளுக்கிடையே மீண்டும் நடக்கிறது. நஞ்சு இப்படித்தான் ஊட்டப்படுகிறது.

நிலத்தோடு சேர்த்துக் கற்பித்துப் பாருங்கள். மகாவமிசம் கூறும் வழியைப் படத்திலே குறித்துச் செல்லுங்கள். உறுகுணையிலிருந்து புறப்பட்ட படை மகியங்கனைக்கு வருகிறது. அங்கிருந்து மகாவலி ஓரமாக, ஆற்றுத் துறைகளைக் காத்து நின்ற அரண்களை ஒவ்வொன்றாக எதிர்கொண்டு வடக்கே நகர்கிறது. ஓர் அரணை வெல்ல நான்கு மாதம் ஆயிற்று என்று அந்நூலே கூறுகிறது. ஏன் ஆற்றோரம்? மலையும் காடும் அடைத்த நாட்டில் தென்கிழக்கிலிருந்து அநுராதபுரத்துக்குச் செல்லும் இயற்கை வழி அதுவே. துறையைப் பிடித்தவன் வழியைப் பிடித்தான். இவ்வாறு கற்கும் பிள்ளை, போரை ஓர் இனத்தின் பகையாகக் காண்பதற்கு முன், வழிக்கும் நீருக்கும் ஆட்சிக்கும் நடந்த போட்டியாகக் காணக் கற்றுக்கொள்கிறான்.

அதே மகாவமிசம் வேறென்ன கூறுகிறது? சோழ நாட்டிலிருந்து வந்த எல்லாளன் 44 ஆண்டுகள் நண்பர்க்கும் பகைவர்க்கும் ஒரு நீதியாய் ஆண்டான் என்று கூறுகிறது. துட்டகைமுனுவின் மாவீரர்களுள் ஒருவனாகிய நந்திமித்தன் எல்லாளனின் சேனாதிபதிக்கு மருமகன் என்று கூறுகிறது. வென்ற மன்னன் வீழ்ந்த மன்னனுக்கு நினைவிடம் எழுப்பி, அதனைக் கடந்து செல்வோர் வணங்கிச் செல்ல வேண்டுமெனக் கட்டளையிட்டான் என்றும் கூறுகிறது. மாத்தளையில் ஆங்கில ஆட்சியின் அதிகாரியாக இருந்த மேஜர் போர்ப்ஸ், 1840இல் வெளியான தமது நூலில் ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறார். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயரிடமிருந்து தப்பிச் சென்ற பிலிமத்தலாவ, களைப்புற்ற நிலையிலும், எல்லாளன் சமாதி எனக் கருதப்பட்ட மேட்டை அண்டியதும் பல்லக்கிலிருந்து இறங்கி நடந்தார் என்பதே அச்செய்தி. உயிருக்கு ஓடும் வேளையிலும் ஒரு கண்டிப் பிரதானி தமிழ் மன்னன் ஒருவனுக்கு மரியாதை செய்தார். இதுவும் வரலாறே அன்றோ? இதனைச் சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒருங்கே சொல்லிக் கொடுப்பதில் எவருக்கு இழப்பு?

இன்னும் சில கற்கள் பேசக் காத்திருக்கின்றன. இதே மாத்தளை மாவட்டத்தில் நாலந்தா கெடிகே நிற்கிறது. பல்லவர் கட்டடக் கலையின் சாயல் கொண்ட கற்கோயில். பௌத்த வழிபாட்டுக்கு உரியது. போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது அதனைக் கல் கல்லாகக் கழற்றி மேட்டிலே மீண்டும் எழுப்பினார்கள். வெகுதூரம் போக வேண்டாம்; பொலனறுவையில் வேளைக்காரர் கல்வெட்டு இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புத்தரின் தந்தத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்ற வேளைக்காரப் படையினர் தம் உறுதிமொழியைத் தமிழிலே கல்லில் வெட்டினார்கள். இவற்றைக் கண்ட பிள்ளையின் நெஞ்சில் பகைமை எளிதில் வேரூன்றாது.

ஏட்டிலே நேர்ந்தது யாது?

இத்துணைச் சிறந்த இரு பாடங்களையும் நம் கல்வித் திட்டம் எவ்வாறு நடத்தியது? 1972ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தில் வரலாறு, புவியியல், குடியியல் மூன்றும் சமூகக்கல்வி என்ற ஒரே பாடமாக இணைக்கப்பட்டன. இணைப்பு நல்ல நோக்கமே. ஆயினும் மூன்று பாத்திரத்து உணவை ஒரு கிண்ணத்தில் ஊற்றினால் மூன்றும் நிறையுமா? ஆழம் குறைந்தது, வரலாறு தனிமுகம் இழந்தது என்று பலர் முறையிட்டனர். 2007ஆம் ஆண்டை ஒட்டி வந்த மாற்றத்தில் வரலாறு மீண்டும் தனிப்பாடமாகி, ஆறாந் தரம் முதல் பதினோராந் தரம் வரை கட்டாயமாயிற்று. புவியியலோ பத்தாந் தரத்தில் விருப்பப் பாடத் தொகுதிக்குள் தள்ளப்பட்டது.

இதன் பொருள் என்ன? பதினைந்து வயதில் ஒரு பிள்ளை தேசப்படத்தை மூடிவைத்துவிடலாம். அரசர் வரிசையை மட்டும் சுமந்துகொண்டு சாதாரண தரப் பரீட்சைக்குப் போகலாம். சமவுயரக் கோட்டையும் அளவுத்திட்டத்தையும் பருவக்காற்றையும் ஆழமாக விளங்கும் அறிவுப் பருவம் அதுவே. அப்பருவத்திலே அக்கதவு அடைபடுகிறது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை வரலாறும் புவியியலும் சமூக அறிவியல் என்ற கட்டாயப் பாடத்தினுள் இருக்கின்றன. அம்முறையிலும் குறைகள் இருக்கலாம். எனினும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கைவிடுவதற்கு அங்கு இடமில்லை.

2025ஆம் ஆண்டில் புதிய கல்விச் சீர்திருத்தம் பற்றி நாடெங்கும் விவாதம் மூண்டபோது, வரலாற்றுப் பாடத்தின் நிலை யாதாகும் என்ற ஐயமும் எழுந்தது. வரலாற்றுக்காகக் குரல் கொடுத்தோரை நாம் பாராட்டுகிறோம். அக்குரல் புவியியலுக்காகவும் ஒலிக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

உயிர் காத்த பாடம்

இப்பாடங்களால் உயிர் பிழைக்குமோ என்று கேட்பீர்களாயின், இரண்டு உண்மைகளை உங்கள்முன் வைக்கிறோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்தபோது, தாய்லாந்தின் புக்கெற் தீவுக் கடற்கரையில் பத்து வயது ஆங்கிலச் சிறுமி டில்லி சிமித் தன் பெற்றோருடன் நின்றிருந்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னர்தான் புவியியல் வகுப்பில் ஆழிப்பேரலை பற்றிப் படித்திருந்தாள். கடல்நீர் நுரைத்துக் கொதிப்பது போல் மாறியதைக் கண்டு, ஆபத்து வருகிறதென்று கூச்சலிட்டாள். கரையில் நின்ற ஏறத்தாழ நூறு பேர் தப்பினர்.

மற்றது இந்தோனேசியாவின் சிமெலு தீவு. நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அண்மையில் இருந்தது. 1907இல் அங்கு ஒரு பேரலை ஊரை அழித்தது. அந்நினைவை அம்மக்கள் மறக்கவில்லை. நிலம் நடுங்கிக் கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்று, ‘சிமோங்’ என்ற ஒரே சொல்லில் பொதிந்து, தாயும் பாட்டியும் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வந்தனர். 2004இல் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர் ஏழு பேரே. சிறுமியைக் காத்தது புவியியல். தீவைக் காத்தது வரலாறு. நம் நாட்டிலோ அன்று முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடல் உள்வாங்கியதை அதிசயமாய்க் காணச் சென்று, அலைக்கு இரையான பிள்ளைகள் எத்தனை பேர்!

பழங்கதை என்று இதனை ஒதுக்க இயலாது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது அறுநூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. எந்தச் சரிவு அபாயமானது என்பதைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே படங்களாக வரைந்து வைத்திருக்கிறது. அப்படம் கொழும்பிலே அலுவலகத்தில் இருந்து என் செய்வது? சரிவின் கீழே உறங்கும் வீட்டில், அதனைப் படித்துத் தாய்க்கும் தந்தைக்கும் விளக்கும் ஒரு பிள்ளை இருக்க வேண்டாமா? சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கி ஊறும் நீரூற்று ஆகியவை மலை பேசும் மொழி. அம்மொழியைக் கற்பிக்கும் பாடம் எது? பத்தாந் தரத்தில் விட்டுவிடலாம் என்று நாம் கூறும் அப்பாடமே.

பாடநூலில் இல்லாத பாதை

மலைச்சரிவில் உறங்கும் அவ்வீடுகள் எவருடையவை என்று கேட்டால், மீண்டும் வரலாற்றுக்குத் திரும்புகிறோம். 1820களிலிருந்து தமிழகத்து ஏழை மக்கள் கோப்பித் தோட்டங்களுக்காகக் கடல் கடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தனர். வழியில் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. 1880இல் மாத்தளைக்குப் புகைவண்டி வந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டு அரசுகள் அவர்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டன. எஞ்சியோர் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தனர்.

இவ்வரலாற்றைக் கோர்த்துப் படித்தவனுக்கே, தோட்டத்து லயன் அறை ஏன் மலைச்சரிவில் இருக்கிறது, அதில் நான்கு தலைமுறை வாழ்ந்தவருக்கு ஏன் ஒரு பேர்ச் நிலத்துக்கும் உறுதி இல்லை, மண் சரிந்த பின் அவர்கள் எங்கே போவது என்ற வினாக்கள் விளங்கும். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு வந்த அப்பாதை, நம் பிள்ளைகளின் பாடநூலில் அரசர்களின் படையெடுப்புப் பாதைக்கு நிகரான இடம் பெற்றிருக்கிறதா? 1848இல் மாத்தளையில் வரிச்சுமைக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை நாம் மதிப்போடு கற்பிக்கிறோம், கற்பிக்கவும் வேண்டும். வீர புரன் அப்புவின் வீரம் எல்லார்க்கும் பொதுச்சொத்து. அவ்வாறே அதே மலைகளைத் தம் தோளால் திருத்திய மக்களின் துயரும் எல்லார்க்கும் பொதுப்பாடமாக வேண்டும். கேகாலையில் பயிலும் சிங்களப் பிள்ளையும், யாழ்ப்பாணத்தில் பயிலும் தமிழ்ப் பிள்ளையும், காத்தான்குடியில் பயிலும் முசுலிம் பிள்ளையும் அதனை அறிய வேண்டும். வில்கமுவைக் கமக்காரனின் கடைக்கோடி வயலை நாம் அறிவது போல, அவர் பிள்ளை நம் லயன் அறையை அறிய வேண்டும்.

செய்ய வேண்டியவை

குறை கூறி அமர்வது நம் வழக்கமன்று. ஆகவே நான்கு கோரிக்கைகளை இவ்வவை முன் வைக்கிறோம்.

முதலாவது, பதினோராந் தரம் வரை வரலாற்றோடு புவியியலும் கட்டாயமாதல் வேண்டும். பாடச்சுமை கூடுமென்று அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவோம்: மனனச் சுமையைக் குறையுங்கள், இரண்டுக்கும் இடம் தானே பிறக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு பாடசாலையிலும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஊராய்வு நடைபெற வேண்டும். ஊர்க்குளத்தை யார் கட்டினார், எப்பொழுது உடைந்தது, எத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது என்று பிள்ளைகள் முதியோரிடம் கேட்டு எழுதட்டும். கமக்காரர்களே, அன்று நீங்களே ஆசிரியர். உங்கள் வயல்வரம்பே வகுப்பறை.

மூன்றாவது, 1800ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நில அளவைத் திணைக்களம் நாடு முழுவதையும் 92 தாள்களில், ஐம்பதினாயிரத்தில் ஒன்று என்ற அளவுத்திட்டத்தில் வரைந்து வைத்திருக்கிறது. தத்தம் ஊர் அடங்கிய தாள் ஒவ்வொரு பாடசாலைச் சுவரிலும் தொங்க வேண்டும். ஊர்ப்பெயர்கள் பிள்ளை படிக்கும் மொழியிலே பொறிக்கப்பட வேண்டும். மண்சரிவு அபாயப் படமும் அதன் பக்கத்தில் தொங்க வேண்டும்.

நான்காவது, தமிழ்ப் பாடநூல் தமிழிலேயே சிந்தித்து எழுதப்பட வேண்டும். மொழிபெயர்ப்பில் ஊர்ப்பெயர் சிதைந்தால் ஊரே சிதைந்ததற்குச் சமம். வடக்கு, கிழக்கு, மலையகம், முசுலிம் ஊர்கள் ஆகிய அனைத்தின் வரலாறும் அறிஞர் குழுவின் ஆராய்ச்சியோடு அதில் இடம் பெற வேண்டும்.

உத்தியோக அன்பர்களே! இவை நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டா. உங்கள் பிள்ளை ஒன்பதாந் தரத்தில் பாடம் தெரிவு செய்யும் நாள் வரும்போது, எளிதில் அதிசித்தி கிட்டும் பாடம் எது என்று மட்டும் கேளாதீர்கள். நாளைக்கு அவன் நீதவானாகலாம், பொறியியலாளராகலாம், பிரதேச செயலாளராகலாம். அன்று ஒரு குளத்தைப் பற்றியோ ஒரு காட்டெல்லையைப் பற்றியோ கையொப்பமிடும்போது, அம்மண்ணின் கதை அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமா, வேண்டாமா?

மாணவ மாணவியரே! நீங்கள் நிற்கும் மண்ணைக் குனிந்து பாருங்கள். அது நேற்று எவருடையதாயிருந்தது, இன்று எதனை விளைக்கிறது, நாளை எங்கே சரியக் கூடும் என்று கேளுங்கள். விடை தெரிந்த தலைமுறையை எவரும் ஏமாற்ற முடியாது. எவரும் பகைக்குத் தூண்டவும் முடியாது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட மொழியின் பிள்ளைகள், நிலமும் பொழுதும் அறியாதவர் என்ற பழிக்கு ஆளாகாதிருப்போமாக!